மடைமாற்றி

பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோருள் ஒரு சாரார், பிறர் எழுதிய நூலகம் திரையில் வரிவரியாகப் பேசிக்கொண்டே போவதைப் பொறுக்கமாட்டாதவர்கள். அவர்களை மடைமாற்றிகள் எனலாம். தம் நிரலில் தாமே தூவிவைத்த பிரிண்ட் கட்டளைகள் எத்தனை பேசினாலும் இவர்களுக்கு அது சங்கீதம்.

மடைமாற்றி முதலில் கையாளும் வைத்தியம் பழையது. நிரலின் வெளியீடு எங்கே போக வேண்டும் என்பதைக் குறிக்கும் சிஸ்.எஸ்டிடிஅவுட் என்னும் பெயரில் ஒரு கோப்பை உட்கார்த்திவிடுவார். வேலை முடிந்ததும் பழையதை மீட்டுவைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தும், தம் வயலுக்கு மடையைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டவரைப் போல மறந்துவிடுவார். மறவாத நாளிலோ, இடையில் ஒரு பிழை எழுந்து, மீட்கும் வரியை எட்டவிடாமல் தாண்டிச் சென்றுவிடும். அதன்பின் நிரல் சொல்வதெல்லாம் கோப்புக்கே போக, வெறிச்சோடிய திரையின் முன் அமர்ந்து, நிரல் ஓடவே இல்லையென்று அலுவலகம் முழுவதும் முறையிடுவார்.

இத்தகையோருக்காகவே பிறந்ததோ என்று எண்ணத்தக்கது, 2006இல் பைத்தான் 2.5 பதிப்போடு வந்த வித் கூற்று. அதன் தொகுதிக்குள் நுழைகையில் ஒரு செயலையும், எவ்வழியில் வெளியேறினும் மற்றொரு செயலையும் தவறாமல் செய்யும் பொருளுக்குச் சூழல் மேலாளர் என்று பெயர். 2014இல் வெளியான 3.4 பதிப்பின் கான்டெக்ஸ்ட்லிப் நூலகத்தில் சேர்ந்த ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட் அவ்வகையினதே. வெளியீட்டைக் கோப்புக்கோ, நினைவகத்தில் தேக்கிவைக்கும் ஸ்ட்ரிங்ஐஓவுக்கோ திருப்பிவிட்டு, தொகுதி பிழையால் முறிந்தாலும் பழைய இடத்தை மீட்டுத் தந்துவிடும்.

இதைக் கண்டறிந்த மடைமாற்றிக்குக் கால் தரையில் பாவுவதில்லை. கண்ணில் பட்ட செயற்கூறுகளையெல்லாம் வித் தொகுதிக்குள் அடைத்துவிடுகிறார். ஆயினும், சி மொழியில் எழுதப்பட்ட உட்பகுதிகளும் தனியே கிளம்பும் துணைச் செயல்முறைகளும், பைத்தானின் சிஸ்.எஸ்டிடிஅவுட் என்னும் பெயரைக் கேளாமல் இயங்குதளத்தின் வெளியீட்டு வாயிலிலேயே நேராக எழுதுவதால், தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன. அவர் அதைத் தமக்கு இழைக்கப்பட்ட துரோகமாகவே கருதுகிறார். சிஸ்.எஸ்டிடிஅவுட் நிரல் முழுமைக்கும் ஒன்றே என்பதால், அதே வேளையில் ஓடும் வேறோர் இழையின் அவசரச் செய்தியும் இவருடைய கோப்புக்குள் போய் விழுகிறது என்பது மட்டும் அவர் கவனத்துக்கு வருவதில்லை.

பிறர் பயன்படுத்தும் நூலகங்களுக்கும் பல இழைகள் ஓடும் நிரல்கள் பெரும்பாலானவற்றுக்கும் இக்கருவி ஏற்றதன்று என்று பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமே தெளிவாகக் கூறுகிறது. மடைமாற்றி அந்த ஆவணத்தில் எடுத்துக்காட்டு வரையில் மட்டுமே படித்தவர்.