ஃபார்மட் அடிச்சுடலாம் சார்

பழைய கம்ப்யூட்டரிடம் நலம் விசாரிக்கக் கூடாது. விசாரிக்காதவரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2012-ல் மதுரையில் வாங்கிய எங்கள் வீட்டு ஐ3 அப்படித்தான் ஓடியது. பட்டனைத் தட்டிவிட்டுக் காபி போடப் போனால், காபி ஆறுவதற்குள் திரை வந்துவிடும். யாருக்கும் குறை இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்றார்கள். பதினொன்றுக்குப் போகலாமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். எங்களுடையது இரண்டாம் தலைமுறை. இவ்வளவு தலைமுறை தள்ளிப்போனால் பங்காளித் தீட்டுகூட ஒழுங்காகக் காக்க மாட்டார்கள். "லினக்ஸ் மின்ட் போட்டுக்கங்கப்பா, பறக்கும்" என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். போட்டேன். பறக்கத்தான் செய்தது. அப்புறம் நின்றது. மவுஸ் அம்புக்குறி திரை நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குங்க தொட்டீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அப்கிரேட் என்பதே கம்ப்யூட்டருக்கு வைக்கும் பெரிய பரிசோதனை. பல ஜிபி ஒரே மூச்சில் எழுதப்படுகிறது. பல வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளுக்கெல்லாம் ஹார்ட் டிஸ்க்கின் தலை போய்வருகிறது. பிராசசர் மூச்சு விடாமல் சூடாகிறது. உள்ளே எது எப்போது கெட்டிருந்தாலும் அன்றைக்குத்தான் வெளியே வரும். பழி மட்டும் புதிதாக வந்ததன் மேல் விழும். புது மருமகள் வந்த வீட்டில் பால் திரிந்தால் யாரைச் சொல்வார்கள்?

சர்வீஸ் தம்பி வந்தான். திரையைப் பார்ப்பதற்கு முன்பே, "ஃபார்மட் அடிச்சுடலாம் சார்" என்றான். போன வாரம்தான் அடித்தது தம்பி என்றேன். அப்படியென்றால் ரேம் என்று சொல்லி, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே ஒட்டடை, பல்லி முட்டை ஓடு, எத்தனையோ ஆயுத பூஜைகளின் குங்குமம். இரண்டு ரேமையும் உருவி, பேரனின் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, பொன்முலாம் பூசிய அந்தப் பல்வரிசையைப் பதமாகத் தேய்த்தான். ஸ்லாட்டில் வாயால் ஒரு ஊது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடை என்றுதான் புத்தகம் சொல்லும். நம் ஊர் வைத்தியம் ரப்பர். கேலி செய்யவில்லை. பல்வரிசையில் படிந்த அழுக்குதான் கோளாறு என்றால் ரப்பரே போதும், கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துவிடும். எங்களுடையதும் எழுந்தது. தம்பி தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி நின்றது.

ஃபோன் போட்டேன். "அப்ப போர்டு போயிருச்சு சார்." சர்வீஸ்காரர் போர்டு என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, புதிதாக வாங்கு என்று பொருள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மகன் சொன்னபடி மெம்டெஸ்ட்86+ என்பதைப் பென் டிரைவில் ஏற்றினேன். இதன் மூலவரான மெம்டெஸ்ட்86 கிறிஸ் பிராடி என்பவர் 1994-ல் எழுதியது. விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன்னாலேயே இது எழுந்து, மெமரியின் ஒவ்வொரு அறையிலும் ஒன்று, பூஜ்யம் என்று மாற்றி மாற்றி எழுதும். எழுதியதைத் திரும்பப் படிக்கும். எழுதியது ஒன்று, படித்தது வேறு என்றால் சிவப்பில் ஒரு வரி. இவ்வளவுதான் வேலை. அதைச் சலிக்காமல் மணிக்கணக்கில் செய்யும். நீலத் திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "ஷேர் மார்க்கெட்டா சார்?" என்றார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சிவப்பு வரி வந்தது. ஒரு ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வரவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கழற்றியதை அதே ஸ்லாட்டில் போட்டால் வந்தது. போர்டு நிரபராதி. மெமரியில் கொஞ்சம் கெட்டது என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு பிட் தவறினாலும் அது குப்பைதான். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் விட்டுவைக்காது, படித்த ஃபைலையெல்லாம் அதில் அடுக்கி வைத்துக்கொள்ளும். அப்படி அடுக்கப் போன இடத்தில்தான் அந்த ஓட்டை அறை இருந்திருக்கிறது. அப்போதுதான் உறைத்தது: விண்டோஸ் காலத்தில் அவ்வப்போது வந்த நீலத் திரைக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். விண்டோஸ் என்றால் அப்படித்தான் என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் குடும்பத்தில் நிம்மதி இருந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கையும் பார்த்துவிடுவோமே என்று மின்ட்டிலேயே இருக்கும் டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்க் தன் வாழ்க்கையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் நாட்குறிப்பு அது. 9 என்று எண்ணிட்ட வரி, டிஸ்க் இதுவரை மின்சாரத்தில் இருந்த மொத்த மணி நேரம். முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"அப்படின்னா?" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

"மூன்றரை வருஷம். ராப்பகலா."

"நீங்க எழுதின கட்டுரையெல்லாம் ஒரே ஒரு ஃபைலுக்குள்ள அடங்கிடும். மிச்ச நேரம் என்ன பண்ணினீங்க?"

அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டாட்டமும் உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேச்சை மாற்ற 192 என்று எண்ணிட்ட வரியைக் காட்டினேன். ஷட் டவுன் ஆகாமல் திடீரென்று மின்சாரம் போனால் டிஸ்க் தன் தலையை அவசரமாக ஓரம் இழுத்துக்கொள்ளும், அப்படி இழுத்துக்கொண்ட தடவைகளின் கணக்கு அது. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு என்ன பாடு படுத்தியது என்பதை நம்மில் பலர் மறந்திருக்கலாம். எங்கள் ஹார்ட் டிஸ்க் மறக்கவில்லை. யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்த காலம் முழுவதும் அந்த எண்ணில் இருந்தது.

மேலே கொட்டை எழுத்தில் இருந்த தீர்ப்புதான் வேடிக்கை. டிஸ்க் ஓகே, எட்டு பேட் செக்டர். ஓகே என்றால் எட்டு எதற்கு? எட்டு என்றால் ஓகே எப்படி? பாஸ் மார்க்கை நிர்ணயிப்பது டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனமே என்று படித்ததும் புரிந்துபோயிற்று. அந்த மார்க்கை நம்பவும் முடியாது. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதானவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஸ்மார்ட்டில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே போய்ச் சேர்ந்திருந்தன.

இதற்கிடையில் மணி வேறு தப்பாகக் காட்டியது. பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்களுக்காக விண்டோஸையும் ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு அதைத் திறந்தால் விடியற்காலை நாலரை என்றது. போர்டின் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தம்பி புதிதாக ஒன்று போட்டான். மறுநாளும் நாலரை. பேட்டரி மேல் தப்பில்லை. போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்துக்கு வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கும். நம் நாட்டில் இருவருக்கும் நடுவே ஐந்தரை மணி நேரம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றச் சொல்லி ஒரே வரிக் கட்டளை கொடுத்தேன், தீர்ந்தது.

ஃபேனில் இருந்த தூசியைத் தட்டி, காய்ந்து உதிர்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்ததில் சத்தம் குறைந்தது. நல்ல ரேம் ஒன்று மட்டும், நாலு ஜிபி. மின்ட்டுக்கு அது போதும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டாயிற்று. இந்தக் கட்டுரையை அதே போர்டில்தான் அடிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்து, சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். கல்யாண வீடியோ, பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். முழு டிஸ்க்கையும் படித்துப் பார்க்கும் டெஸ்ட், ஏற்கெனவே சாகக் கிடக்கும் டிஸ்க்கை அன்றைக்கே கொன்றுவிடக்கூடும். அப்புறம் எந்தத் தம்பியாலும் எதையும் எடுத்துத் தர முடியாது.