நாலெழுத்து: ஓர் உரைவிளக்கம்

கணினியில் விமானம் ஓட்டுவோர்க்கு வேண்டிய கல்வித் தகுதி ஒன்றே: நாலெழுத்து தெரிந்திருக்க வேண்டும். சென்னை விமான நிலையத்துக்கு எம்.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்துக் குறியீடு போதாதோ எனின், அற்றன்று. அது பயணச்சீட்டுக்கும் பெட்டியில் ஒட்டும் சீட்டுக்கும் ஆன உலக வழக்கு. ஃபிளைட் சிமுலேட்டரும் எக்ஸ்-பிளேனும் செய்யுள் வழக்கினர். அவற்றுக்குச் சென்னை வி.ஓ.எம்.எம்.

முதலெழுத்து வட்டாரம், இரண்டாவது பெரும்பாலும் நாடு. வி.சி. என்றால் இலங்கை, பலாலி வி.சி.சி.ஜே. இந்தியாவோ திசைக்கொன்றாக நான்கு பெற்றது: மேற்கு வி.ஏ., கிழக்கு வி.இ., வடக்கு வி.ஐ., தெற்கு வி.ஓ. ஆங்கில உயிர்கள் ஒரே மெய்யின்மேல் வரிசையாக ஏறியிருப்பதைக் காண்க. இது வகர உயிர்மெய் வரிசையே. தெற்குக்கு ஏன் ஓகாரம் எனின், இடுகுறி.

மொழிமுதல் விதியும் உண்டு. ஐ, ஜே, கியூ, எக்ஸ் நான்கும் முதலில் வாரா. ஜே மட்டும் பூமியில் இடம் கிடைக்காமல் செவ்வாய்க்குப் போயிற்று: 2021இல் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் பறந்த இடத்துக்கு ஜே.இசட்.ஆர்.ஓ. என்ற மரியாதைக் குறியீடு கிடைத்தது. எக்ஸ்-பிளேன்காரர்களோ குறியீடில்லாத சிற்றோடுதளங்களுக்கெல்லாம் எக்ஸில் தொடங்கும் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். அந்த எழுத்தில் உண்மை நிலையம் எதுவும் குறுக்கே வராது என்ற துணிவு.

இனி, நம் ஆய்வின் முடிபு: எழுத்தே உயிர், ஓடுபாதை வெறும் உடல். ஹாங்காங்கின் பழைய கை டாக் நிலையம் வி.எச்.எச்.எச். எனப்பட்டது. குன்றில் தீட்டிய செவ்வெள்ளைக் கட்டங்களைப் பார்த்து, அடுக்குமாடிகளின் தலைக்குமேல் வலப்பக்கம் சாய்ந்து பதின்மூன்றாம் ஓடுபாதையில் இறங்குவது அங்கே வழக்கம். சிமுலேட்டர் ரசிகர்கள் இன்றும் அந்தத் திருப்பத்துக்காகவே உயிர்வாழ்கிறார்கள். 1998 ஜூலை 6 அன்று செக் லாப் கொக்கில் புதிய நிலையம் இயங்கத் தொடங்கியதும், அந்த நாலெழுத்து அப்படியே கூடு விட்டுக் கூடு பாய்ந்தது. பழைய பழக்கத்தில் வி.எச்.எச்.எச். என்று தட்டுபவன் புதிய கூட்டில்தான் விழிக்கிறான். கை டாக்கை மீண்டும் வரைந்த ரசிகர்கள் வேறு வழியின்றி அதற்கு வி.எச்.எச்.எக்ஸ். என்று பெயரிட்டார்கள்.

சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஃபிளைட் சிமுலேட்டரின் பல பதிப்புகளில், திறந்ததும் விமானம் நிற்பது அந்த ஏரிக்கரை ஓடுபாதையில்தான். 2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி, ஓடுபாதை நெடுகப் பெரிய பெரிய எக்ஸ் குறிகளைத் தோண்டச் செய்தார். நிலையத்தின் குறியீடு கே.சி.ஜி.எக்ஸ்.; அதன் கடைசி எழுத்தைத்தான் மேயர் எழுதிக் காட்டினார் என்பது என் துணிபு. உடல் போயிற்று, உயிர் போகவில்லை: 2022இல் சிமுலேட்டரின் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் மெய்க்ஸ் மறுபடி எழுந்தது.

ஆக, ஈற்றில் எக்ஸ் வரின் நிலையம் மாளும் எனக் கொள்க. கே.எல்.ஏ.எக்ஸ். நன்றாகத்தானே நடக்கிறது எனின், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு முதலில் எல்.ஏ. என இரண்டெழுத்தே, மூன்றாக்க வேண்டி வந்தபோது சேர்த்த அந்த எக்ஸ் வெறும் அசைநிலை. ஃபீனிக்ஸ் நகரத்துக் கே.பி.எச்.எக்ஸ்.ஸைக் காட்டித் தடை எழுப்புவோர், முதலில் அந்தப் பறவையின் கதையைப் படித்துவிட்டு வரட்டும்.