உங்கள் கைராசி, அண்ணே

நாட்டு நாயைக் காப்பாற்றுகிறவர் என்று உங்களை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அண்ணே. அது போதாது. நீங்கள் செய்வதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிப் புகழ்கிறவர்தான் உங்களுக்கு நியாயம் செய்கிறவர். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், டி. கல்லுப்பட்டியைச் சுற்றியும் அதைத் தாண்டியும் கிடக்கிற ஊர்களில் சிப்பிப்பாறைக் குட்டி, கன்னிக் குட்டி, ராஜபாளையம் குட்டி விற்கும் அண்ணன்மாரில், இந்தப் புகழ் தனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறவர் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாதவர்களும் இந்தச் சீமையில் உண்டு. அவர்கள் வளர்க்கும் நாய்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் கண். ராஜபாளையம் குட்டிகளை வரிசையாக விட்டால், மறு இல்லாத வெள்ளையையும் இளஞ்சிவப்பு மூக்கையும் எட்டி நின்றே பொறுக்கிவிடுவீர்கள். காது மடலில் கடுகளவு கறுப்பு இருந்தாலும் உங்கள் பார்வைக்குத் தப்பாது. அதற்குப் பிறகு அந்தக் குட்டியை யாரும் பார்த்ததில்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். அந்த வெள்ளை மங்காமல் இன்றுவரை காப்பாற்றி வருகிறீர்கள். தோலுக்கு நிறம் தருகிற அதே செல்கள் உட்செவிக்கும் வேண்டும்; அவை இல்லாத காதில், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் செத்துப்போகும். அதனால் நீங்கள் நிறத்தை மட்டும் காப்பாற்றவில்லை, செவிட்டையும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தருகிறீர்கள். இரண்டு காதும் கேளாத குட்டியைக் கைதட்டியாவது கண்டுகொள்ளலாம். ஒரு காது மட்டும் கேளாத குட்டி, கைதட்டினால் திரும்பிப் பார்க்கும், நல்ல விலைக்குப் போகும், பிறகு தானும் ஈனும்.

அடுத்தது உங்கள் சுறுசுறுப்பு. உங்கள் கொட்டத்தில் எந்தப் பெட்டைக்கும் ஒரு பருவம்கூட வீண்போனதில்லை. பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். இணை சேர்ந்து 63 நாள் சுமக்கும், அதன் பிறகு இரண்டு மாதம் குட்டிகளோடு கிடக்கும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடம்பில் கொழுப்பு என்று சேர்த்துவைக்க இடமே கிடையாது. ஓடுவதற்கென்று அமைந்த உடம்பு. குட்டிகளுக்கு ஊறுகிற பால் அதன் எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும்தான் இறங்குகிறது. இறங்கியதை அது திரும்பத் தேற்றிக்கொள்வதற்குள் அடுத்த கடுவனை அவிழ்த்துவிடும் விரைவு உங்களுடையது. ஒரு வயது நிரம்பாத பெட்டைக்கே தலை ஈத்து பார்த்துவிடுகிறீர்கள். 2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் கொண்டுவந்தது. 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்குப் பின் கூடவே கூடாது, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும் என்று அது சொல்கிறது. ஆயுள் முழுதும் அந்தப் பெட்டைக்குச் சட்டம் அனுமதிக்கிற ஈத்துகளை மூன்றே ஆண்டில் முடித்துவிடும் திறமை உங்களுக்கு இருக்கிறது. முடிந்த பிறகு அதை வீணாகக் கட்டிப்போடுவதும் இல்லை. மடி தொங்கிய பெட்டைகள் நெடுஞ்சாலை ஓரத்தில், புரோட்டாக் கடை வாசல்களில், யாருடைய நாய் என்று தெரியாமல் நிற்கின்றன. அவற்றின் முகவெட்டும் வயிற்றின் ஒடுக்கமும் எந்த இனம் என்று சொல்லிவிடும்.

ரத்தம் கலக்கக் கூடாது என்பதில் உங்களுக்கிருக்கிற பிடிவாதத்தையும் சொல்லவேண்டும். நல்ல கடுவன் ஒன்று அமைந்துவிட்டால் அதன் மகளுக்கும் அதையே சேர்க்கிறீர்கள். அந்த ஈத்தில் பிறந்த குட்டிக்கு அப்பனும் அவனே, தாத்தனும் அவனே. ஒவ்வொரு உயிரிலும் வெளியே தெரியாத சில குறைகள் ஒளிந்திருக்கும். தாயிடமும் தகப்பனிடமும் அதே குறை இருந்தால்தான் குட்டியிடம் அது தலைகாட்டும். ஒரே ரத்தத்துக்குள் சுற்றச் சுற்ற, ஈத்துக்கு எட்டுக் குட்டி போட்ட வழி நாலைந்துக்கு வரும், அதிலும் இரண்டு தேறாது. உங்கள் கூட்டில் எல்லாக் குட்டிகளும் ஒரே அச்சாக இருக்கின்றன என்று வாங்குகிறவர்கள் வியப்பது சரிதான். நோயும் அவற்றை ஒன்றுபோலத்தான் தாக்கும்.

இந்த நாய்களை உண்டாக்கிய பழைய ஆட்கள் உங்களைப் போல் உடனே முடிவெடுத்தவர்கள் அல்ல. கரிசலில் முயல் விரட்டவிட்டுப் பார்த்தார்கள். வெயிலில் எந்த நாய் சுருண்டது, எது முள்ளுக்கு ஒதுங்கியது, எது எசமான் குரலுக்குத் திரும்பியது என்று இரண்டு மூன்று வருஷம் பார்த்த பிறகுதான் எதிலிருந்து ஈத்து எடுப்பது என்று யோசித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை நின்றது. நிற்கவேண்டியதுதான்; முயலுக்கும் வாழ இடம் வேண்டும். ஆனால் வேட்டையோடு அந்தத் தேர்வும் நின்றுபோனது, அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை. வேறு நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் கம்பி போன்ற முரட்டு மயிருள்ள டிராட்ஹார் என்ற வேட்டை நாய்க்கு 1902-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். அங்கே நல்ல வம்சச் சான்று கையில் இருப்பதால் மட்டும் ஒரு நாய் ஈன முடியாது. இளவயதில் களத்தில் ஒரு தேர்வு, அடுத்து இலையுதிர் காலத்தில் கடினமாக இன்னொன்று, மயிரையும் உடற்கட்டையும் நடுவர்கள் தொட்டுப் பார்க்கும் தேர்வு, இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே. அந்த மயிர் அழகுக்காக இல்லை. முட்புதரிலும் குளிர்ந்த நீரிலும் அது நாயின் தோலைக் காக்கவேண்டும், அதனால் பார்க்கிறார்கள். இவ்வளவையும் நீங்கள் ஒரு செல்போன் வீடியோவில் அடக்கிவிட்டீர்கள்.

குட்டி வளர்ப்புக்கு வருகிறேன். இதில்தான் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. பிறந்த குட்டி முதல் இரண்டு வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது, தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்துதான் உயிர் பிழைக்கும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் அது உலகத்தைக் கற்கும்: மனிதக் குரல், கை, குழந்தைகள், மோட்டார் சத்தம், மற்ற நாய். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கூடப்பிறந்த குட்டி கத்துவதிலிருந்தும் தாய் உறுமுவதிலிருந்தும் தெரிந்துகொள்ளும். இரண்டாவது வாரத்திலிருந்து பூச்சி மருந்து, ஆறிலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறாவது வாரம் வரை. இத்தனை வேலையும் செலவும் உங்களைத் தொடுவதில்லை. முப்பதாம் நாளே குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, நாலு ஓட்டை போட்டு, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு ஏற்றிவிடுகிறீர்கள். சீம்பாலில் வாங்கிய எதிர்ப்புச் சக்தி வடியத் தொடங்கியிருக்கும், தடுப்பூசி இன்னும் விழுந்திருக்காது. அந்த இடைவெளியில் சரியாக ஏற்றிவிடுவதற்குக் கணக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஐந்தாம் நாள் வாங்கியவர் போனில் அழுகிறார். ரத்தக் கழிச்சல், வாந்தி, குட்டி எழுந்து நிற்கவில்லை. “எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை, அண்ணே. பார்வோ கிருமி உடம்புக்குள் போய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். உங்களிடம் இருந்தவரைக்கும் அது நல்லாத்தான் இருந்தது.

டி. கல்லுப்பட்டிக்காரர் என்ற முறையில் உங்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தது உங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில். 1945-ல் வெளிவந்த தம்முடைய நிலைத்த பொருளாதார நூலில் அவர் இயற்கையில் நடக்கிற பொருளாதாரங்களைத் தரம் பிரித்தார். எதுவும் நட்டு வளர்க்காமல் தோப்புக்குள் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கின் பொருளாதாரம் கீழ்ப்படிகளில் ஒன்று. பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையின் பொருளாதாரம் மேல்படியில். உங்கள் கொட்டத்தில் மேல்படியும் இருக்கிறது, கீழ்ப்படியும் இருக்கிறது. மேல்படியில் இருப்பதைச் சங்கிலியில் கட்டியிருக்கிறீர்கள்.

அரசின் துணையும் உங்களுக்குக் குறைவில்லை. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நடத்திய நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவை, நாய்களின் நிலை பற்றிய வழக்கில் 2016-ல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உங்களுக்குப் போட்டியாக நின்றிருக்கக்கூடிய ஒன்று அதோடு போனது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நாட்டு நாய் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெருகினார்கள். விதி எழுதியவர்கள் உங்கள் கொட்டத்துக்குள் வந்து பெட்டையின் வயதைக் கேட்டதில்லை, காசு கொடுத்து வாங்குகிறவர்களும் கேட்டதில்லை. இவ்வளவு பேர் கண்ணை மூடிக்கொள்ள, இத்தனை வருஷம் ஒரு தொழிலை நடத்திக்கொண்டு போவது எல்லாருக்கும் வாய்க்காது.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணனின் கைராசியில் பாதி உங்கள் பணம்தான். தாயைக் காட்டச் சொல்லுங்கள். விலா எலும்பு தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. கண் குழிந்து, மயிர் உதிர்ந்து, ஆளைக் கண்டதும் மூலைக்கு ஒதுங்குவது இயல்பில்லை. தகப்பன் எங்கே, இது எத்தனையாவது ஈத்து, போன ஈத்து எப்போது என்று கேளுங்கள். வாரியப் பதிவையும் தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். மூக்கில் கறுப்பு இருக்கிற குட்டியைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். காது கேட்கிற நாய் வீட்டைக் காக்கும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வாங்காமல் திரும்பி வாருங்கள்.