பகலில் பாட்டு, இரவில் பழம்

இந்த வாரக் கேள்விகள் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் தமிழ் வாசகர்களுடையவை.

கேள்வி: விடியலில் குண்டுகரிச்சான் பாடுகிறது, ராத்திரி பழந்தின்னி வௌவால் கத்துகிறது. இரண்டுக்கும் தொண்டை ஒன்றுதானா?

பதில்: இல்லை. வௌவாலுக்கு நம்மைப் போலக் குரல்வளை. கரிச்சானுக்குக் குரலுறுப்பு இன்னும் கீழே, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒலிக்கும். ஒரே ஆள் இரட்டை நாயனம் வாசிக்கிற மாதிரி!

கேள்வி: அப்படியென்றால் கற்றுக்கொள்வதிலும் பறவைதானே கெட்டி?

பதில்: அவசரப்படாதீர்கள். பாடும் பறவையின் குஞ்சு, பெரியவை பாடுவதைக் கேட்டுத்தான் பாடத் தேறுகிறது. எகிப்தியப் பழந்தின்னிக் குட்டியும் கேட்டுத்தான் கற்கிறது என்று டெல் அவிவ் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். மற்ற வௌவால்களின் சத்தம் கேளாமல் வளர்ந்த குட்டிகள் மழலையிலேயே பின்தங்கின. கூட்டத்தின் குரலைக் கேட்ட பிறகே தேறின.

கேள்வி: சாலிம் அலி பறவைக்காரர். அவர் பெயரில் வௌவாலா?

பதில்: ஆமாம், அதுவும் நம் தேனிப் பக்கத்து வௌவால்! 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்தார். சாதாரணக் குட்டைமூக்குப் பழந்தின்னி என்று நினைத்ததால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் சேகரிப்பில் அது பேசாமல் கிடந்தது. பிறகு தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதன் பல்வரிசையைப் பார்த்தார். புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே! 1972-ல் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். தமிழ்நாட்டில் பிறந்து, பம்பாய் வந்த பிறகு அடையாளம் கிடைத்த உயிர். லேபர் கேம்ப்காரர்களுக்கு அது உறவுமுறை.

கேள்வி: ஊரில் இழுப்புக்கு வௌவால் கறி கொடுக்கிறார்களே?

பதில்: கொடுக்க வேண்டாம். கறியால் இழுப்பு குணமாகாது. எலி, காகத்தோடு பழந்தின்னிகளையும் அழிக்கத்தக்கவை என்று வனவிலங்குச் சட்டம் நெடுங்காலம் ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. சட்டம் திருந்தியாயிற்று, சமையலறையும் திருந்தட்டும்.

கேள்வி: வௌவாலிடமிருந்து நிபா வைரஸ் பரவும் என்று பயம். வௌவால் தொங்கும் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: கூடாது. வௌவால் அடுத்த மரத்துக்குப் போய்விடும், உங்களுக்கு நிழல்தான் போகும். கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். மரத்தின் அருமைக்கு ஒரு சாட்சி: பக்கத்திலுள்ள மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா முன்பு குப்பைமேடு. மரம் மரமாக வளர்த்து 1994-ல்தான் திறந்தார்கள். வளர்க்க அத்தனை ஆண்டு, வெட்ட ஒரு காலைப்பொழுது!