எண்ணும்போது நம்ம பிள்ளை, பில் போடும்போது வெளியாள்

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகம் என்பது அந்தந்த மாநிலத்தின் சொத்து. மாநிலத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், அடுத்த மாநிலத்துப் பிள்ளைக்கு வேறு கட்டணம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இரண்டாவது தொகை முதலாவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். வகுப்பறை ஒன்றுதான். வாத்தியாரும் ஒருவர்தான். லூசியானாவில் பிறந்து சபீன் ஆற்றைத் தாண்டி வந்த குற்றத்துக்கு இந்த அபராதம்.

அபராதத்தைத் தள்ளுபடி செய்யவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெளிமாநில மாணவர் ஒருவர், உள்ளூர்ப் பிள்ளைகளும் கலந்துகொள்ளும் போட்டியில் ஜெயித்து, ஆண்டுக்கு 1,000 டாலராவது உதவித்தொகை வாங்கிவிட்டால், அவரிடம் உள்ளூர்க் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்கிறது டெக்சாஸ் சட்டம். எல்லோருக்கும் அல்ல. மொத்த மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கருணைக்கும் கோட்டா உண்டு.

இசை, நாடகம், ஓவியம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வீசப்படும் தூண்டில் இதுதான். வீட்டுக்கு வாழ்த்துக் கடிதம் வருகிறது. உங்கள் அபாரத் திறமையைப் பாராட்டி என்று ஆரம்பிக்கிறது. அம்மா அழுகிறாள். அப்பா கடிதத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புகிறார். இரண்டாம் பக்கத்தை யாரும் அனுப்புவதில்லை. அங்கேதான் நிபந்தனைகள் இருக்கின்றன.

ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் இங்கே 2.5, அங்கே 3.0. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் எண் மாறும், மனசு மாறாது. மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றக் கூடாது. இசை படித்தால் சேர்ந்திசைக் குழுவில் வாசித்தே ஆக வேண்டும். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒத்திகை, கிரெடிட் கணக்கில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பல ஊர்களில் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் நடந்துகொண்டே ஊதும் பேண்டிலும் சேர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் போகாவிட்டால் பணம் வராது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கும் இடங்கள் உண்டு. நன்றி தானாகச் சுரக்காதாம். கெடு தேதி போட்டுக் கறக்க வேண்டுமாம்.

ஒரு பெண் செல்லோ வாசிக்கிறாள் என்று வையுங்கள். ஆசிரியர் குழுவின் முன் வாசித்துக்காட்டும் தேர்வில் அவளுக்கு முதலிடம். ஆனால் கல்லூரி அல்ஜீப்ராவில் சறுக்கிவிட்டாள். ஜிபிஏ 2.9. நிபந்தனை 3.0. முடிந்தது கதை. 1,000 டாலர் மட்டும் போவதில்லை. அதில் தொங்கிக்கொண்டிருந்த கட்டணச் சலுகையும் சேர்ந்து அறுந்து விழுகிறது. அடுத்த செமஸ்டர் பில் மூன்று மடங்கு. செல்லோவுக்குக் கொடுத்ததை அல்ஜீப்ரா பிடுங்கிக்கொள்கிறது. கணக்கு வராத பிள்ளைக்கு எப்பேர்ப்பட்ட கணக்குப் பாடம்!

அவள் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்கள் 42 கிரெடிட். அவற்றில் அரசியல் பாடமும் அடக்கம். அமெரிக்க அரசியல் சட்டத்தோடு டெக்சாஸின் அரசியல் சட்டத்தையும் படித்துத் தேறினால்தான் பட்டம். டெக்சாஸை மனப்பாடம் செய். டெக்சாஸில் தேறு. ஆனால் டெக்சாஸ்காரி என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதே.

நாலு வருஷம் இங்கேதானே குடியிருக்கிறேன், நானும் உள்ளூர்தானே என்று கேட்டுப் பார்க்கட்டும். படிப்பதற்காக வந்து தங்கிய காலம் குடியிருப்புக் கணக்கில் சேராது என்பதே அநேகமாக எல்லா மாநிலங்களின் பதில். கனெக்டிகட் மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. விண்ணப்பிக்கும்போது வெளியாள் என்றால் படிப்பு முடியும்வரை வெளியாள், எந்தச் சான்றைக் காட்டினாலும் செல்லாது என்று சட்டமே போட்டது. அது செல்லாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நியாயமான அளவுகோல்களை மாநிலங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அது போதாதா? அன்றிலிருந்து நியாயமான அளவுகோல்களுக்குப் பஞ்சமே இல்லை.

இதே பெண்ணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கே எண்ணுகிறார்கள் தெரியுமா? கல்லூரி இருக்கும் ஊரில். 1950 முதல் அப்படித்தான். அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் நாடாளுமன்றத்தில் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று முடிவாகிறது. அவள் வாங்கும் பேனாவுக்கும் செல்லோ கம்பிக்கும் டெக்சாஸ் 6.25 சதவீத விற்பனை வரி வசூலிக்கிறது. கடையில் யாரும் அவளிடம் எந்த ஊர் என்று கேட்பதில்லை. கல்லூரி ஊரிலேயே வாக்களிக்கும் உரிமைகூட அவளுக்கு உண்டு. அதுவும் டெக்சாஸ் மனமுவந்து கொடுத்ததல்ல. பிரெய்ரி வியூ என்ற கல்லூரி ஊரில் கறுப்பின மாணவர்களை நீங்கள் உள்ளூர் இல்லை என்று வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்தார்கள். 1979இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது தீர்ந்தது. ஆக, தலையை எண்ண உள்ளூர், வரி கட்ட உள்ளூர், வாக்குக்கு வழக்கு போட்டால் உள்ளூர். கட்டணக் கவுண்டரில் மட்டும் வெளியூர்.

அந்தப் பெண் வெளியே ஏதோ ஒரு சங்கத்தின் போட்டியில் ஜெயித்து 2,000 டாலர் கொண்டுவருகிறாள் என்று வையுங்கள். பல பல்கலைக்கழகங்கள் உடனே தாங்கள் கொடுக்கும் உதவியில் 2,000 டாலரைக் குறைத்துக்கொள்ளும். பரிசு அவளுக்கு, லாபம் நிர்வாகத்துக்கு. இந்தப் பிடுங்கலுக்கு முதன்முதலில் கடிவாளம் போட்ட மாநிலம் மேரிலாண்ட். 2017இல். அதுவரை யாருக்கும் இது உறுத்தவில்லை. மிச்சமிருக்கும் உதவித்தொகையில் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கட்டினால், 1986ஆம் ஆண்டு வரிச் சட்டப்படி அந்தத் தொகை வருமானம். சோறு தின்றதற்கும் கணக்குக் காட்டு.

இனி, பிள்ளைகள் வெயிலில் நடந்து ஊதும் அந்த மைதானத்துக்குப் போவோம். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். வேலை செய்ததற்கு அல்ல. இனிமேல் வரவேண்டாம் என்பதற்கு. 0.1 குறைந்தால் செல்லோக்காரிக்குப் பில் மூன்று மடங்கு. ஆட்டம் தோற்றால் பயிற்சியாளருக்குக் கோடிகள்.

மாணவர் கட்டணத்திலிருந்தோ மாநில நிதியிலிருந்தோ அதைக் கொடுக்கவில்லை, விளையாட்டுத் துறையும் நன்கொடையாளர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்றது நிர்வாகம். இருக்கட்டும், தனிக் கணக்குதான். அந்த நன்கொடையாளர்களுக்கு ஃபிஷர் கெடு தேதிக்குள் நன்றிக் கடிதம் எழுதினாரா?

இதையெல்லாம் நிதி நெருக்கடி என்கிறார்கள். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநில அரசுகள் மானியத்தை வெட்டியது உண்மை. பல்கலைக்கழகங்கள் வெளிமாநிலப் பணத்தைத் தேடி வேட்டைக்குக் கிளம்பியதும் உண்மை. அன்று முதல் இந்த உதவித்தொகை ஆடித் தள்ளுபடியாகிவிட்டது. விலையை ஏற்றி எழுதுவது, அதைச் சிவப்பு மையில் அடிப்பது, குறைந்த விலைக்குக் கொடுத்ததாகக் கை தட்டல் வாங்குவது. ஜவுளிக்கடைக்காரராவது வாங்கிப்போன புடவையை இரண்டாம் வருஷம் வந்து பறிப்பதில்லை.

பிள்ளையை அங்கே அனுப்பப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துப் போடும் முன், இந்த உதவித்தொகை நின்றுபோனால் அடுத்த செமஸ்டர் பில் எத்தனை டாலர் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை எந்தக் கட்டணக் கவுண்டரும் ஏற்றுக்கொள்ளாது.