மகள் வீட்டு அடுப்பு

ஒஸ்லோ, ஐப்பசி மாதம்

அன்புள்ள மாமா, மாமிக்கு,

 

விறகடுப்பு பூட்டப்போகிறோம் என்று போனில் சொன்னதற்கு, "ஒரு அடுப்பு வைக்க ஒரு மேசனும் அரைநாளும் காணாதோ?" என்று கேட்டீங்கள். நாற்பது வருசம் சாந்தகப்பை பிடித்த ஆள் கேட்கிற கேள்விக்குப் போனில் மறுமொழி சொல்லி முடியாது. அதுதான் எழுதுகிறேன்.

மாமி, இது சமைக்கிற அடுப்பில்லை. வார்ப்பிரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு. வீட்டைச் சூடாக்குவதுதான் அதன் உத்தியோகம். இங்கே பெரும்பாலான வீடுகளைக் கரண்டில்தான் சூடாக்குகிறார்கள். மாரியில் பில் வரும்போது எனக்கு நன்றாக வேர்க்கும். ஆனால் அந்தச் சூடு பிள்ளையளுக்குப் போய்ச் சேராது.

கரைச்சல் என்னவென்றால் வீடு முழுக்க மரம். சுவர் மரம், நிலம் மரம், கூரையும் மரம். நடுவில் நெருப்பைக் குடிவைக்க வேண்டும். இந்த ஊர் 1624இல் எரிந்துபோக, நாலாம் கிறிஸ்தியான் என்ற அரசன் ஊரையே தள்ளிக் கட்டுவித்து, இனி மரவீடு கூடாதென்று கட்டளையிட்டு, ஊருக்குத் தன் பெயரையும் சூட்டிவிட்டான். 1904 தை மாதத்தில் இதே நாட்டின் ஓலசுண்ட் பட்டினம் எரிந்து பத்தாயிரம் பேரளவில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சூடுகண்ட பூனைகள், மாமா. நெருப்பென்றால் அளவுநாடா இல்லாமல் கதைக்கமாட்டார்கள்.

அடுப்பு பூட்ட வந்தவரும் சுத்தியலை எடுக்கவில்லை, நாடாவைத்தான் எடுத்தார். பின்சுவருக்கு எவ்வளவு, பக்கச்சுவருக்கு எவ்வளவு என்று அடுப்போடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது. அந்த இடைவெளி எங்கள் அறையில் இல்லை. ஆகவே மரச்சுவருக்கு முன்னால் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் கல்லுச்சுவர் ஒன்று எழும்பியது. அடுப்புக் கதவுக்கு முன்னால் 30 சென்ரிமீற்றருக்கு எரியாத தகடு. புகைக்கூட்டின் அடியில் கரி அள்ளுகிற இரும்புக் கதவைச் சுற்றியும் 30 சென்ரிமீற்றருக்குள் எரிகிற சாமான் எதுவும் நிற்கக்கூடாது. உங்கட மகளின் தையல் மெசின் அங்கிருந்து கிளம்பியது. பிள்ளையார் படத்தையும் அளந்து பார்த்து, பணிவாக அடுத்த சுவருக்கு அனுப்பிவைத்தார்.

பூட்டி முடிந்ததும் கொம்யூனுக்கு, அதாவது உள்ளூராட்சிச் சபைக்கு, அறிவிக்க வேண்டும். அது வீட்டுக்காரனின் கடமை. புகைக்கூடு துடைக்கிறவரும் கொம்யூன் அனுப்புகிற ஆள்தான். கரி துடைப்பதோடு அடுப்பையும் பரிசோதிப்பார். அவர் கூரையில் வழுக்காமல் ஏற ஏணி வைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. மாப்பிள்ளை மிடுக்கெல்லாம் அவரிடம் செல்லாது.

முதல்நாள் நெருப்பு வடிவாக எரிந்தது. உங்கட மகள் குசினியில் கறி தாளிக்க, மேலேயிருக்கிற காற்றுறிஞ்சியைப் போட்டாள். உடனே அடுப்புப் புகை முழுக்க அறைக்குள் வந்தது. இங்கே வீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்தவை. குசினி காற்றை வெளியே தள்ள, ஈடுகட்ட வேறு வழியில்லாமல் வெளிக்காற்று புகைக்கூட்டால் இறங்கி வருகிறது. புகையாவது கண்ணுக்குத் தெரியும். அதோடு வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதற்கொரு எச்சரிக்கைக் கருவியும், சுவரில் காற்று வர ஒரு துளையும் வைத்தோம். இப்போது நான் விறகு போடுமுன் குசினியில் அனுமதி கேட்கிறேன்.

மாமி சிரிக்கப்போகிற விசயம் இனித்தான். நெருப்பை மேலிருந்து மூட்டச் சொல்கிறார்கள்! பெரிய கட்டை அடியில், சுள்ளி உச்சியில், தீக்குச்சி அதற்கும் மேலே. கீழே கட்டை சூடேறி விடுகிற வாயு மேலேயிருக்கிற சுவாலையைக் கடக்கும்போதே எரிந்துவிடும்; புகை குறைவு. விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். ஈரவிறகை மூச்சடைக்க எரித்தால் புகைக்கூட்டில் கரியும் பிசினும் படிந்து, ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வைக்கவேண்டும். தணல் உள்ளே நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஊரிலிருந்தபோது இதெல்லாம் பயந்தாங்கொள்ளித்தனம் என்றிருப்பேன். பனியில் புதைந்த மரவீட்டில் பிள்ளையளைப் படுக்கவைத்துவிட்டு நிம்மதியாகக் கண்மூடுவதற்குத்தான் இத்தனை சென்ரிமீற்றரும் என்று இப்போது விளங்குகிறது. மேசன் கூலி மட்டும் இன்னும் விளங்கவில்லை.

கடைசியாக ஒரு வழக்கு. 2013இல் இந்த நாட்டு அரசத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணிநேரம் நிகழ்ச்சி போட்டது. அதில் பெரும்பங்கு வெறுமனே எரிகிற நெருப்பு. பகிடியில்லை. சனம் அதையும் பார்த்துவிட்டு முறைப்பாடு அனுப்பியது: விறகு அடுக்கும்போது பட்டை மேலே பார்க்கவேண்டும் என்று பாதிப்பேர், கீழே பார்க்கவேண்டும் என்று மற்றப் பாதிப்பேர். என் வலப்பக்கத்து வீட்டுக்காரர் மேல்கட்சி, இடப்பக்கத்தார் கீழ்க்கட்சி. இரண்டு பேரும் என் விறகுக் குவியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மாமியிடம் கேட்டுத் தீர்ப்பெழுதி அனுப்புங்கோ. யார் பக்கம் என்றாலும் பரவாயில்லை; மாமியார் உத்தரவு என்று சொன்னால் இந்த ஊரிலும் எதிர்த்துக் கதைக்கமாட்டார்கள்.

அன்புள்ள மருமகன்