ஷெர்மன்காரர்

ஆளைப் பார்த்தால் பரம சாது. ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல். ஓஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ ஏதோ ஓர் ஊர். அங்கே மாடல் கிட் விற்கிற கடையில், டாங்கி அலமாரிக்கு முன்னால், கைக்கொரு பெட்டியாக வைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு பெட்டியிலும் இருப்பது இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மன்தான். 'ரெண்டும் ஒண்ணுதானே சார்?' என்று மட்டும் வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். கடை சாத்தும்வரை உங்களை விடமாட்டார்.

அவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 1942 பிப்ரவரியில் ஓஹையோவின் லைமா நகரத்தில், ரயில் எஞ்சின் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையிலிருந்து முதல் ஷெர்மன்கள் வெளியே வந்தன. போர் முடிவதற்குள் 49,000க்கும் மேல் செய்து தள்ளிவிட்டார்கள். ரயில் பெட்டி செய்தவர், கார் செய்தவர் எல்லோரும் டாங்கி செய்தார்கள். எஞ்சினுக்குத்தான் தட்டுப்பாடு. கிடைத்ததைப் போட்டார்கள். எம்4ஏ1 என்ற ரகத்தில் விமானத்து எஞ்சின், ஏ2-இல் ஜோடி டீசல், ஏ3-இல் ஃபோர்டின் வி8. கிறைஸ்லர்காரர்கள் ஒரு படி மேலே போய், ஐந்து கார் எஞ்சின்களைச் சேர்த்துக் கட்டி, 30 சிலிண்டரோடு ஏ4-க்குள் இறக்கினார்கள். அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரமில்லை. அவர்கள் யோசிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து 80 வருஷம் கழித்து இவர் யோசிக்கிறார்.

இதில் வேடிக்கை, பெரும்பாலான கிட்டில் எஞ்சினே கிடையாது. பிளாஸ்டிக் உடம்பை ஒட்டி மூடிவிட்டால் உள்ளே வெறும் காற்று. ஆனாலும் அவர் தேர்வு எஞ்சினிலிருந்துதான் ஆரம்பிக்கும். அந்த ஐந்து எஞ்சின் மூட்டைக்கு இடம் போதாமல் ஏ4-இன் உடம்பைச் சுமார் 28 சென்டிமீட்டர் நீட்டினார்கள். 35-இல் ஒரு பங்கு அளவு மாடலில் அது 8 மில்லிமீட்டர். சட்டைப் பையில் ஸ்கேல் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அந்த ஏ4-ஐ அமெரிக்கா பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டது. யாராவது அதன்மேல் அமெரிக்கப் படைப்பிரிவின் அடையாளத்தை ஒட்டி நார்மண்டிச் சண்டை என்று எழுதி வைத்திருந்தால் அவருக்கு அன்றிரவு சோறு இறங்காது.

அளவு விஷயத்தில் அவர் ஆசாரம். 35-இல் ஒரு பங்கைத் தவிர மற்றதெல்லாம் தீட்டு. இந்தப் புனித எண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் கதை கொஞ்சம் சப்பென்று முடியும். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி ஒரு ஜெர்மன் பாந்தர் டாங்கி மாடல் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே, அதற்கு ஏற்ற உடம்பைச் செய்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அவருக்கே தெரியும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ரகம் முடிவானாலும் பெட்டி முடிவாகாது. எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம், முன் தகட்டின் சாய்வு 56 டிகிரியா 47 டிகிரியா, பீரங்கி 75 மில்லிமீட்டரா 76-ஆ, சங்கிலிப் பட்டை ரப்பரா இரும்பா என்று பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பதுபோல் பத்துப் பொருத்தமும் பார்ப்பார். ஒன்பது பொருந்தி, பின்பக்கத்து விளக்கின் கம்பிக் கூண்டு இடித்தால் பெட்டி திரும்ப அலமாரிக்குப் போய்விடும்.

அலுத்துப்போய் ஒருநாள் லீ டாங்கிப் பக்கம் திரும்பினார். ஷெர்மனுக்கு அண்ணன் அது, உடம்பெல்லாம் ரிவெட். ஐரோப்பியச் சண்டைக்கு வயதாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டு, நம் பக்கம் வந்து 1944-இல் இம்பால் மலைகளில் ஜப்பானியரை எதிர்த்து ஏறியதே, அதே டாங்கி. பெட்டியைத் திறந்து பக்கவாட்டுத் தகட்டைக் கையிலெடுத்தார். விரல் நுனியால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தடவிக்கொண்டே உதட்டுக்குள் எண்ணினார். பாதியில் கடைக்காரர் ஏதோ கேட்க, எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அன்றும் எதுவும் வாங்கவில்லை.

வாங்குகிற நாட்களும் உண்டு. இல்லாவிட்டால் அவர் வீட்டு பேஸ்மென்ட் உத்தரம் வரைக்கும் நிரம்பியிருக்காது. வாங்கி வந்த பெட்டியை ராத்திரி திறப்பார். பாகங்களை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார். புது பிளாஸ்டிக் வாசனை. பக்கத்துக்கு 79 கண்ணியாகத் தனித்தனியே கோக்க வேண்டிய சங்கிலிப் பட்டை ஒரு பையில், தலைமுடி கனத்தில் பித்தளைப் பாகங்கள் இன்னொரு பையில். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இருந்தது இருந்தபடியே மூடி, அடுக்கில் ஏற்றிவிடுவார். ஏன் ஒட்டவில்லை? பச்சை நிறம் இன்னும் முடிவாகவில்லை. 'எல்லாம் ஒரே பச்சைதானே' என்பது அவர் மனைவியின் கட்சி. இருபது வருஷமாக அந்த அம்மாள் சொல்லி வருகிறார். அமெரிக்க ராணுவமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தது என்பது என் எண்ணம்.

அவரோடு சினிமா பார்ப்பது தண்டனை. 2014-இல் வந்த 'ஃப்யூரி' படத்தில் பிராட் பிட் உணர்ச்சி பொங்கப் பேசுகிற இடத்தில் இவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சாய்ந்து, "அந்த ஷெர்மன் இங்கிலாந்து பாவிங்டன் மியூசியத்து வண்டி. உள்ள இருக்கறது டீசல்" என்பார்.

சென்ற வருஷம் ஊரில் மாடல் கண்காட்சி. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு ஷெர்மனைக் கொண்டுவந்து வைத்தான். பெட்டிப் படம் பிடித்திருந்ததாம், வாங்கினானாம், சனி ஞாயிறில் ஒட்டி முடித்தானாம். பசை கொஞ்சம் வழிந்திருந்தது. நம்மவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, சங்கிலிப் பட்டை தலைகீழா மாட்டியிருக்கு. அம்புக்குறி மாதிரி இருக்கு பார், அது எதிர்ப்பக்கம் பார்க்கணும்."

"அப்படியா அங்கிள்? ஆனா ஓடுது," என்று பையன் மேஜைமேல் உருட்டிக் காட்டினான்.

வீட்டுக்கு வந்தவர் அன்று ராத்திரி போர்க்காலப் புகைப்படப் புத்தகங்களைப் பிரித்தார். பையனுக்கு அனுப்ப ஆதாரம் வேண்டுமே. நாலாவது புத்தகத்தில் அகப்பட்டது: சேற்றில் நிற்கும் நிஜ ஷெர்மன், மேலே கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் நிஜச் சிப்பாய்கள், பட்டை மட்டும் பையன் மாட்டிய அதே தலைகீழ். அவசரத்தில் எவனோ அப்படி மாட்டிவிட்டு, ஓடுகிறதே என்று விட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு பேஸ்மென்ட்டில் ஒரு பெட்டிகூடத் திறக்கப்படவில்லை. ஒவ்வொரு டாங்கிக்கும் பட்டையை நேராக மாட்டுவதா, தலைகீழாக மாட்டுவதா என்று இப்போது தனியாக முடிவு செய்தாக வேண்டுமாம்.